அந்தப் பாட்டி யாருக்குப் போட்டார்?

2019 டிசம்பர் 27, ஊராட்சித் தேர்தலின் முதல் கட்டம். எங்கள் வார்டில் நின்ற ஒரு அண்ணனுக்கு பூத் ஏஜென்டாக உட்கார்ந்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கும் வேலை என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டேன். காலை 7 மணியிலிருந்து மாலை 5 மணிவரை ஒன்றுக்குப் போகவே யோசிக்க வேண்டியிருந்தது.

சட்டமன்றத் தேர்தலையே பார்த்துப் பழகியவர்களுக்கு ஊராட்சித் தேர்தல் கொஞ்சம் குழப்பும். கிராமத்தில் ஒரு ஆளுக்கு 4 ஓட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். மெஷின் கிடையாது, முத்திரைதான், பெட்டிதான். முதல் இரண்டு பதவிக்கும் கட்சி கிடையாது. ஆனால் கட்சி இல்லாத இடத்தில் பங்காளிச் சண்டையும் வரப்புத் தகராறும் கைமாற்றுக் கடனும் வந்து நிற்கும். முன்னூற்றுச் சொச்சம் ஓட்டுள்ள வார்டில் யார் யாருக்குப் போடுவார்கள் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு நோட்டு வைத்திருக்கிறார்கள். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே நோட்டு.

அதனால்தான் இந்த 'ஓட்டுப் போட உதவுகிறேன்' என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம். வயசானவர்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முத்திரை குத்தும் அட்டை மறைப்புக்குள்ளும் கூடவே போக வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. பிடித்த கையை வாசலில் விட மனசு வருவதில்லை.

அன்றைக்கு 11 மணி வாக்கில் ஒரு பாட்டி வந்தார். வாக்குச்சாவடி அலுவலர் வரிசை எண்ணையும் பெயரையும் சத்தமாகப் படித்தார். எங்கள் நாலு ஏஜென்டுகளில் ஒருத்தருக்கும் அந்தப் பெயர் யாருடையது என்று புரியவில்லை. எல்லாருக்கும் அவர் பால்காரப் பாட்டிதான்! பட்டியலில் இருக்கும் பெயரைச் சொல்லி அவரை யாராவது கூப்பிட்டு ஐம்பது வருஷம் ஆகியிருக்கும். "இவங்கதான் அவங்க" என்று நாலு பேரும் சேர்ந்து சொன்னோம். நாலு கோஷ்டியும் ஒத்துப்போனது அன்று அந்த ஒரு விஷயத்தில்தான்.

பாட்டிக்குக் கண் மங்கல். கூட வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். "நான் போட்டுக் குடுத்துடறேன் சார்" என்றார். அலுவலர் நிமிர்ந்து பார்த்து, "காலையிலேயே ஒருத்தங்களுக்குத் துணையா வந்தீங்கல்ல?" என்று கேட்டார். கண் தெரியாதவருக்கோ உடல் முடியாதவருக்கோ துணையாகப் போகிறவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும், ஒரே நாளில் ஒருவருக்கு மேல் போகக் கூடாது, யாருக்குப் போட்டது என்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் முறைத்தார். பேத்தியைக் கூப்பிடலாமா என்றால் அவளுக்கு 17.

அந்த அலுவலர் ஒரு ஆசிரியை. முந்தின நாளே வந்து, பள்ளிக்கூடத்து பெஞ்சில் படுத்து எழுந்தவர். சத்தம் போடவில்லை. நாலு சீட்டையும் ஒவ்வொன்றாகப் பாட்டியின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, "இது வார்டுக்கு, இது தலைவருக்கு, சின்னம் தெரியுதாம்மா?" என்று கேட்டார். "கிட்ட வெச்சா தெரியுது" என்றார் பாட்டி. "அப்ப நீங்களே போடுங்க." அப்புறம் மடிப்பதைச் செய்து காட்டினார். முதலில் நெட்டுவாக்கில், பிறகு குறுக்கே. மாற்றி மடித்தால் ஈர மை வேறு சின்னத்தின் மேல் ஒட்டி, எண்ணும்போது தகராறாகிவிடும். அன்று முழுக்க நான் பார்த்த உருப்படியான உதவி அந்த மடிப்புதான்.

பாட்டி உள்ளே போனார். வரவேயில்லை. வரிசையில் முனகல். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கப் போனார், போலீஸ்காரர் தோளில் கை வைத்து நிறுத்தினார். கடைசியில் நாலு சீட்டையும் மடித்து எடுத்துக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் தள்ளி, உள்ளே விழுந்ததா என்று ஓட்டையில் விரல் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

தேர்தல் வந்தால் போதும், உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றி எல்லாரும் பெருமையாகப் பகிர்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை. அதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. குடத்திலிருந்து ஓலையை எடுக்க விவரம் தெரியாத ஒரு சிறுவனைத்தான் விட்டார்கள். உதவுகிறவனுக்கு எதுவும் தெரியக்கூடாது என்று ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். கணக்குக் காட்டாதவர்கள், அவர்களுடைய சொந்தக்காரர்கள் பெயர் ஓலையில் ஏறவே கூடாது என்பதும் அதே கல்வெட்டில்தான் இருக்கிறது. அதை மட்டும் ஏனோ யாரும் பகிர்வதில்லை.

ஏஜென்டாக உட்காருங்கள் என்று நான் இப்போதும் இளைஞர்களிடம் சொல்கிறேன். ஆளை அடையாளம் சொல்லுங்கள், படியேற முடியாதவருக்கு நாற்காலி கேளுங்கள், கள்ள ஓட்டு என்றால் எழுந்து சொல்லுங்கள். அந்த அட்டை மறைப்புப் பக்கம் மட்டும் தலையைத் திருப்பாதீர்கள்.

எங்கள் அண்ணன் 3 ஓட்டில் தோற்றார். பால்காரப் பாட்டி வீட்டில் ஒரு வாரம் விசாரணை நடந்தது. மகன் கேட்டார், பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், பேத்தி செல்லமாகக் கேட்டாள். அண்ணன் இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "நீ உள்ளதானடா இருந்த, ஒரு ஜாடைகூடத் தெரியலையா?" என்று கேட்பார். பாட்டி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. கடைசிவரை வாயே திறக்கவில்லை.