பேர் வைத்ததுதான் குற்றமா?

ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் ஒரு விருந்தில், நாங்கள் வளர்த்த ஆட்டின் கறியைச் சாப்பிட்ட ஒரு பெண் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வியைப் பற்றி அன்று இரவே நாலு வரி எழுதியிருந்தேன். ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. "விட்டுத் தள்ளுங்க டீச்சர்" என்றவர்களுக்கும் நன்றி. விடத்தான் பார்த்தேன், முடியவில்லை. அதனால் இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

"பேர் வச்சுக் கூப்பிட்ட ஆட்டையா வெட்டினீங்க? எப்படிக்கா மனசு வந்துச்சு?" என்று அந்தப் பெண் கேட்டபோது அவர் தட்டில் இருந்தது எங்கள் கிடா மணியின் கறி. பாதிக்கு மேல் சாப்பிட்டு முடித்திருந்தார். என் மகள் பேச்சுவாக்கில் "இது எங்க மணி" என்று சொன்ன பிறகுதான் தட்டைத் தள்ளி வைத்தார். வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு போயிருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். வேறு தட்டு எடுத்து, சாதமும் சிக்கன் 65உம் வாங்கிக்கொண்டு வந்து என் எதிரிலேயே உட்கார்ந்தார். அந்தக் கோழிக்குப் பேர் இல்லை, அதனால் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. சுற்றி இருந்தவர்கள் பார்வை மட்டும் என் மேல் இருந்தது. அத்தனை பேர் தட்டிலும் கறி இருந்தது. ஆனால் பாவி நான் ஒருத்திதான்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டு, வளர்க்கிறவளைப் பார்த்து மட்டும் மனசு இல்லையா என்று கேட்காதீர்கள். எங்களுக்கு மனசு இருக்கிறது. அது படுகிற பாடு உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மணி போன வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி மழையில் பிறந்தவன். சேலம் கருப்பு, நெற்றியில் இருந்து குளம்பு வரை ஒரே கருப்பு. இரட்டைக் குட்டி. மூன்றாம் நாள் தாய் செத்துப்போனது, அடுத்த நாள் கூடப்பிறந்த பெட்டையும் போய்விட்டது. இவனுக்குப் பசும்பாலை வெதுவெதுப்பாக்கி, பாட்டிலில் ஒரு நாளைக்கு ஐந்து வேளை கொடுத்தோம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கொடுத்தது நான். அடுப்பங்கரையில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தது என் மாமியார். பள்ளிக்கூடம் முடிந்து நான் பஸ்ஸை விட்டு இறங்கினால் வாசல் வரை ஓடி வருவான். இப்படி வளர்ந்ததைப் பேர் வைக்காமல் எப்படிக் கூப்பிடுவது?

சனிக்கிழமை சாயங்காலம் டெம்போ வந்தது. இரண்டு பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தும் அவன் ஏறவில்லை. காலை ஊன்றிக்கொண்டு கத்தினான். கடைசியில் நான் முதலில் ஏறினேன். கயிறே இல்லாமல் என் பின்னால் ஏறிவிட்டான். அப்புறம் நான் இறங்கிவிட்டேன்.

எப்படி மனசு வந்தது என்று கேட்டாரே, அந்த வண்டியில் இருந்து இறங்கும்போது என் மனசு எப்படி இருந்தது என்று ஒருவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"அவ்வளவு வலிக்குதுன்னா எதுக்கு வளர்க்கணும்?" என்று கேட்பீர்கள். கேட்பது சுலபம். எங்களுக்குப் பாலக்கோடு பக்கம் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். மழை பெய்தால் கேழ்வரகு, துவரை. பெய்யாவிட்டால் காடு காய்ந்து கிடக்கும். நான் வாங்குவது தனியார் பள்ளிச் சம்பளம், அது எவ்வளவு என்று இங்கே இருக்கிற டீச்சர்களுக்குத் தெரியும். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, அடுத்த ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி மாநிலமாக அறிவித்தார்களே, நினைவிருக்கிறதா? அந்த வருஷம் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது நிலத்தால் இல்லை, ஆட்டால். ஒரு செவ்வாய்க்கிழமை நல்லம்பள்ளி சந்தைக்கு ஒன்பது ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனோம். தண்ணீர் இல்லாமல், தழை இல்லாமல் எல்லாரும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். விலை சரிந்து கிடந்தது. தரகர் துண்டைப் போட்டு மூடி, வியாபாரியின் விரலைப் பிடித்து விலை பேசிவிட்டு என் மாமியார் முகத்தைப் பார்த்தார். அவர் ஒன்றும் பேசாமல் தலையை ஆட்டினார். அந்தப் பணத்தில்தான் கொழுந்தனாரின் பாலிடெக்னிக் ஃபீஸ் கட்டினோம். 2011இல் அரசாங்கம் ஏழைப் பெண்களுக்கு வீட்டுக்கு நாலு ஆடு இலவசமாகக் கொடுத்ததும் கொஞ்சுவதற்காக இல்லை. விற்கத்தான், வெட்டத்தான். அதை ஒருவரும் குற்றம் என்று சொன்னதில்லை.

இன்னொரு விஷயம், ஆடு வளர்க்காதவர்களுக்கு இது தெரியாது. பிறப்பதில் பாதி கிடா. இருபது இருபத்தைந்து பெட்டைக்கு ஒரு கிடா போதும். எங்கள் பட்டியில் மொத்தமே பதினாலு உருப்படிதான். மீதிக் கிடாக்களை எங்கே வைப்பது? ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு சாகும். உறவுக்குள்ளேயே சினையானால் நோஞ்சான் குட்டி பிறக்கும். பெட்டை நிற்கும், கிடா போகும். வெள்ளாடு வளர்க்கிற எந்த வீட்டிலும் இதுதான் கணக்கு.

"சரி, வளர்த்துக்குங்க, பேர் வைக்காம வளர்க்கலாமே" என்று என் சொந்த அக்காவே போனில் சொன்னார். இதைக் கேட்டபோதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வந்தது. பேர் வைத்தால்தான் கண்ணில் படும் அக்கா. சாயங்காலம் பட்டியில் அடைக்கும்போது நான் எண்ணிக்கை எண்ணுவதில்லை, பேர் பேராகப் பார்ப்பேன். வெள்ளச்சி ஏன் அசை போடவில்லை, குட்டையன் ஏன் மூலையில் நிற்கிறான், அவனுக்குக் கழிச்சலா? அப்படிப் பார்த்ததால்தான் ஒரு தடவை ஆட்டுக்கொல்லி நோயை முதல் நாளிலேயே கண்டுபிடித்துக் கால்நடை மருந்தகத்துக்கு ஓடினோம். பேர் இல்லாத ஆடு செத்த பிறகுதான் தெரியும்.

பேர் வைக்காமல் வளர்க்கிற இடத்தையும் எனக்குத் தெரியும். அதே கொழுந்தனார் இப்போது பிராய்லர் ஷெட் போட்டிருக்கிறார். ஐயாயிரம் கோழி. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். நாற்பது நாளில் இரண்டு கிலோ வரும், வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும், இவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. சித்திரை வெயிலில் காலையில் ஷெட்டுக்குள் போனால் செத்ததைப் பொறுக்க இரண்டு பக்கெட் வேண்டும். உடம்பு கனம் தாங்காமல் கால் மடங்கி உட்கார்ந்திருக்கும் சிலது. ஒரு நாள் அவரிடம் கேட்டேன், எப்படித் தாங்குகிறாய் என்று. "தனித்தனியா பார்க்கக் கூடாது அண்ணி" என்றார். அவர் நல்ல பிள்ளை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஓசூரில் அந்தப் பெண் நிம்மதியாகச் சாப்பிட்டது அப்படி வளர்ந்த கோழியைத்தான். யாரும் தனியாகப் பார்க்காததால் அது சுத்தம், நான் பார்த்துப் பார்த்து வளர்த்தது பாவம் என்றால், இது என்ன நியாயம்?

கறியே தொடாதவர்கள் கேட்டால் நான் தலை குனிந்து கேட்டுக்கொள்வேன். வள்ளலார் வழியில் நடக்கிற ஒரு பெரியவர் எங்கள் பள்ளிப் பக்கம் இருக்கிறார், அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஆனால் பால், நெய், பன்னீர் சாப்பிட்டுக்கொண்டு சைவம் என்று சொல்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். கலப்பினப் பசு காளைக்கன்று போட்டால் அது எங்கே போகிறது? டிராக்டர் வந்த பிறகு ஏர் ஓட்ட யாருக்கும் காளை வேண்டாம். அந்தக் கன்றை யார் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்று பால்காரரிடம் கேட்டுப் பாருங்கள். 2014இல் மத்திய அரசு எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேர் அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்று வந்தது. 97 பேருக்காக ஊரில் யாரோ ஒருத்தி டெம்போவில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

இந்த வேதனை எனக்குப் புதிதும் இல்லை. 2003 ஆகஸ்டில் கோயில்களில் கிடா வெட்டக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. 1950இல் வந்த பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. எங்கள் குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்று வீட்டில் நின்றது. பூசை தள்ளிப்போனது. ஊரில் எல்லாரும் கோபத்தில் இருந்தார்கள், நான் மட்டும் யாருக்கும் தெரியாமல் சந்தோஷப்பட்டேன். தினமும் அகத்திக் கீரை ஒடித்துக்கொண்டு வந்து போட்டேன். 2004இல் அந்தச் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். ஆடியில் பூசை வைத்தார்கள். கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது சிலிர்த்தால்தான் வெட்டுவார்கள். சிலிர்க்காதே, சிலிர்க்காதே என்று கண்ணை மூடிக்கொண்டு வேண்டினேன். ஈரம் பட்டால் ஆடு சிலிர்க்காமல் என்ன செய்யும்? அன்றைக்குத் தாத்தா என் கையில் கறிச்சோற்று இலையைக் கொடுத்தார். சாப்பிட்டேன். நன்றாகவும் இருந்தது. அதை இருபது வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

இனி ஓசூரில் அந்தப் பெண் கடைசியாகச் சொன்னதுக்கு வருகிறேன். "நீங்களே சாப்பிடலையே அக்கா, அப்போ தப்புன்னு உங்களுக்கே தெரியுதுல்ல?" ஆமாம், சாப்பிடவில்லை. என் கையால் பால் குடித்ததை நான் சாப்பிடுவதில்லை. கடையில் கிலோ 800 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கும் கறியைச் சாப்பிடுகிறேன். அதுவும் எங்கேயோ ஒரு வீட்டு ஆடுதான், அதற்கும் அங்கே ஒரு பேர் இருந்திருக்கும். இது சரியா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. தப்பு என்று தெரிந்ததால் சாப்பிடாமல் இருக்கிறேன் என்பதும் உண்மை இல்லை. தொண்டையில் இறங்காது, அவ்வளவுதான். என் மாமியார் சாப்பிடுவார். முதல் நாள் அழுதவர் மறுநாள் எலும்பைக் கூட வீணாக்காமல் சாப்பிடுவார். "வீணாக்கினாத்தான் பாவம்" என்பார். அவரை விட எனக்கு மனசு அதிகம் என்று நான் நினைக்கவில்லை.

அந்தப் பெண் பொங்கல் லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆட்டுக்குட்டி பார்க்க எங்கள் வீட்டுக்கு வருவதாக என் நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறாராம். தாராளமாக வரட்டும். குட்டிகளைத் தூக்கிக் கொஞ்சட்டும். சாயங்காலம் பட்டி கூட்டவும் ஒரு கை கொடுக்கட்டும்.

நேற்று விடியற்காலம் வெள்ளச்சி இரண்டு குட்டி போட்டது. ஒன்று பெட்டை, ஒன்று கிடா. மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை யாருக்கும் கொடுக்க மாட்டோம்ல?" என்றாள். பெட்டையைக் கொடுக்க மாட்டோம் என்று சொன்னேன். அவள் கையில் இருந்தது கிடா. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவளை அனுப்பிவிட்டேன்.