டெம்பரேச்சர் சென்சார்னா எல்லாம் ஒண்ணாய்யா?

"ரெண்டும் டெம்பரேச்சர் சென்சார்தானுங்க சார், காத்துல வச்சா என்ன கூலன்ட் தண்ணியில வச்சா என்ன"ன்னு சென்சார் வித்த கடைக்காரன் என் மூஞ்சிக்கு நேரா சொல்றான். கடைய விட்டு வந்தும் இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கல.

வண்டி கார்பரேட்டர் காலத்து எஸ்டீம். ஸ்பீடுயினோன்னு ஒரு ஈசியு (இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல்னு கணக்குப் போடுற கம்ப்யூட்டர் போர்டு) போட்டு இன்ஜெக்‌ஷனுக்கு மாத்துறோம். அந்த வண்டியில இதுக்குத் தேவையான சென்சார் ஒண்ணும் கிடையாது, எல்லாத்தையும் நாமதான் தேடிப் புடிக்கணும், அதனாலதான் அவ்வளவு தெளிவா கேட்டேன். இன்டேக் ஏர் சென்சார், அதாவது இன்ஜினுக்குள்ள போற காத்தோட சூட்டை அளக்கிறது, ஓப்பன் டைப், முனையில பிளாஸ்டிக் கூண்டு இருக்கும், உள்ள இருக்கிற தெர்மிஸ்டர் (சூட்டுக்கு ஏத்த மாதிரி ரெசிஸ்டன்ஸ் மாறுற சின்ன பார்ட்) வெளிய தெரியும்னு சொல்லி போட்டோவும் வாட்ஸப்ல அனுப்பினேன். "ஓகே சார்"னு பதில் வேற. அனுப்பினது என்ன? முழுசா பித்தளை மூடின கூலன்ட் சென்சார். மரை ஒரே மரை, கச்சிதமா ஏறிடுச்சு, வயரிங் பண்ற தம்பியும் நேரா மேனிஃபோல்டுல (இன்ஜினுக்குக் காத்து போற குழாய்) முறுக்கி விட்டுட்டான். அவனை என்ன சொல்றது, பொட்டிக்கு மேல "ஏர் டெம்ப்"னு ஸ்கெட்ச் பேனால எழுதி அனுப்பிருக்கானுங்க.

காலையில வண்டி நல்லா ஓடுது. மத்தியானம் அவிநாசி ரோட்டுல சிக்னல்ல நின்னு எடுத்தா இருமுது, பின்னாடி இருக்கிறவன் ஹாரனை அமுக்கிட்டே இருக்கான். ஈசியு பதிஞ்சு வச்ச லாகை எடுத்துப் பாத்தா இன்டேக் 70 டிகிரி காட்டுது. நிக்கிறப்போ மேனிஃபோல்டு சூடு பித்தளைக்குள்ள ஏறிடுது, சரி. ஆனா வண்டி நகர்ந்ததும் உள்ள வர்ற காத்து 40தான், இவன் குடுத்த குண்டு மட்டும் 70லயே நிக்குது, அடுப்புல இருந்து இறக்கின குக்கர் உடனே ஆறிடுமா? ஈசியு சென்சாரைத்தான் நம்பும். காத்து சூடா இருக்கு, அப்போ அடர்த்தி கம்மின்னு கணக்குப் போட்டு பெட்ரோலைக் குறைக்குது. கெல்வின்ல 313க்கு பதிலா 343, கிட்டத்தட்ட 9 சதவீதம் கம்மியா ஊத்துது. ஆக்சிலரேட்டர் மிதிக்கிற நேரத்துல 9 சதவீதம் லீன்! இருமாம என்ன பண்ணும்?

இதை அவன்கிட்ட விளக்கினேன். பொறுமையாத்தான் விளக்கினேன். "இல்லீங்க சார், எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க." எல்லாரும்னா யாருய்யா? "ட்யூனிங்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்." எதை அட்ஜஸ்ட் பண்றது? லேட்டா சொல்ற சென்சாரை எந்த டேபிள்ல வச்சுத் திருத்துறது? சரி, அட்லீஸ்ட் எத்தனை டிகிரிக்கு எத்தனை ஓம்னு சொல்ற ரெசிஸ்டன்ஸ் டேபிளாவது குடுன்னா "அதெல்லாம் கம்பெனிலதான் கேக்கணும் சார்"ங்கிறான். எந்த கம்பெனின்னு கேட்டா பொட்டியத் திருப்பித் திருப்பிப் பாக்கிறான், பொட்டில பேரே இல்ல. பார்ட் நம்பரும் இல்ல. பக்கத்துல இருந்தவன் மல்டிமீட்டரை எடுத்து வச்சு "ரீடிங் வருதே சார், சென்சார் நல்லாத்தானே இருக்கு"ங்கிறான். ரீடிங் வருதுய்யா, அந்த ரீடிங்குக்கு எத்தனை டிகிரின்னு அர்த்தம், அதைச் சொல்லு!

ஜிஎம் டைப் சென்சார் 20 டிகிரில ஏறக்குறைய 3,500 ஓம் காட்டும். பாஷ் டைப் அதே 20ல 2,500. ஆனா 100 டிகிரிக்குப் போனா ரெண்டும் 180 ஓம் பக்கம் வந்து நிக்கும். கொடுமையே இதுதான். இன்ஜின் சூடா இருக்கிறப்போ செக் பண்ணினா எல்லாம் கரெக்டா தெரியும், தப்பு முழுக்க குளிர்ல ஒளிஞ்சுக்கும், ஊட்டியில விடியக்காலை ஸ்டார்ட் பண்றப்போதான் பல்லைக் காட்டும். அதனாலதான் டேபிள் கேக்கிறோம், பொழுது போகாம கேக்கல.

மேனிஃபோல்டுல காத்தழுத்தத்தை அளக்கிற மேப் சென்சாருக்கும் இதே கதைதான். டர்போ இல்லாத இன்ஜின், உள்ள 100 கிலோபாஸ்கலைத் தாண்டப் போறதில்ல. "3 பார் போட்டுக்கங்க சார், நாளைக்கு டர்போ போட்டா உதவும்." அது 300 கிலோபாஸ்கல் வரைக்கும் அளக்கிறது. நாளைக்கு இல்லாத டர்போவுக்காக இன்னைக்கு 5 வோல்ட்ல மூணுல ரெண்டு பங்கை சும்மா விடணுமா? ஈசியு அந்த வோல்ட்டைப் படிக்கிறதே மொத்தம் 1,024 படிதான், அதுல முன்னூத்திச் சொச்சத்துல முழு இன்ஜினையும் ஓட்டணும். கிராங்க் எந்த இடத்துல சுத்துதுன்னு சொல்ற கிராங்க் சென்சார் ஹால் டைப்பா (மூணு வயர்), விஆர் டைப்பான்னு (காந்தமும் காயிலும், ரெண்டு வயர்) கேட்டா வயரை எண்ணிட்டு "மூணு வயரு, ஹால்தான் சார்"ங்கிறான். அது விஆரா இருந்து, மூணாவது வயர் இரைச்சலைத் தடுக்கிற ஷீல்டா இருந்தா? விஆர்ல ரெண்டு வயர் மாறினாலே டைமிங் தப்பிரும், இவன் எண்ணிப் பாத்து விக்கிறான்.

கடைசில ரிட்டர்ன் கேட்டேன். விரலை நீட்டி கடையோட அறிவிப்பு போர்டைக் காட்டுறான். "எலக்ட்ரிக்கல் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது." நீ மாத்திக் குடுத்த பொருளுக்கும் அந்த போர்டா?