இந்திரன் மேல் போட்ட வழக்கு

பள்ளியில் ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று தவறாமல் வரும்: சிந்துவெளி நாகரிகம் எப்படி அழிந்தது? மொகஞ்சதாரோ தெருக்களில் எலும்புக்கூடுகள் கிடந்தன, ஆகவே ஆரியர்கள் வெட்டிச் சாய்த்தார்கள் என்று எழுதி ஐந்தையும் வாங்கியவன் நான். அந்த விடை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள இருபது வருடம் பிடித்தது.

வந்தது மார்ட்டிமர் வீலரிடமிருந்து. 1944இல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைமை இயக்குநராக வந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. அவரைத் திட்டிவிட்டுப் போவது எளிது. ஆனால் குழி தோண்டும் ஒழுங்கை இங்கே ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அதற்கு முன் மொகஞ்சதாரோவில் அதே பதவியில் முன்பு இருந்த ஜான் மார்ஷல் காலத்தில், ஒரு குறிப்புப் புள்ளியிலிருந்து இத்தனை அடி ஆழம் என்று அளந்துதான் பொருளைப் பதிவு செய்தார்கள். மண் அப்படியா படிகிறது? ஒரு பக்கம் சரியும், மறுபக்கம் மேடு தட்டும். எவரோ வெட்டிய குப்பைக்குழி பழைய தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கியிருக்கும். பாட்டன் காலத்துப் பானையும் பேரன் காலத்துப் பானையும் ஒரே ஆழத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும்.

வீலர் சதுரச் சதுரமாகக் குழி போட்டு, இடையே மண்சுவர்களை வெட்டாமல் விட்டார். அந்தச் சுவரில் நிறம் மாறும் இடங்களில் கோடு கிழித்து, அடுக்குக்கு அடுக்கு எண் கொடுத்தார். 1945இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் அது பலித்தது. இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ச் சிவப்புப் பானை ஓடுகளின் காலம் ஏற்கெனவே தெரிந்திருந்ததால், அவற்றோடு ஒரே அடுக்கில் கிடந்த நம் ஊர் ஓடுகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. கரியில் எஞ்சியிருக்கும் கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயது சொல்லும் கரிமக் காலக்கணிப்பை அமெரிக்க வேதியியலாளர் லிப்பி அறிவிப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு இது! என்னால் இன்றும் வியக்காமல் இருக்க முடியவில்லை.

அப்படிப்பட்டவர், அடுத்த ஆண்டே ஹரப்பாவில் கோட்டைச் சுவரைக் கண்டதும் சறுக்கினார். ஆரியர்களின் ரிக் வேதத்தில் இந்திரனுக்குப் புரந்தரன், அதாவது கோட்டைகளை உடைப்பவன், என்று பெயர். இதோ கோட்டை. அதோ மொகஞ்சதாரோ எலும்புக்கூடுகள். மூன்றையும் முடிச்சுப் போட்டு, சூழ்நிலைச் சாட்சியப்படி இந்திரன் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான் என்று எழுதிவிட்டார். அந்த எலும்புக்கூடுகளில் பெரும்பாலானவை, அவரே குறை சொன்ன பழைய முறையில் தோண்டி எடுத்தவை! எந்த அடுக்கு என்று எல்லோரையும் குடைந்தவர், தனக்குப் பிடித்த கதை வந்தபோது அதே கேள்வியைக் கேட்கவில்லை.

கேட்டவர் ஜார்ஜ் டேல்ஸ் என்ற அமெரிக்கர், 1964இல். படுகொலை நடந்தது உண்மையென்றால் எரிந்த கோட்டை எங்கே, சிதறிய ஆயுதங்கள் எங்கே, கோட்டை மேட்டில் ஓர் உடல்கூட ஏன் இல்லை? எலும்புக்கூடுகள் எல்லாம் ஒரே காலத்தவையும் அல்ல. பிறகு எலும்புகளை ஆராய்ந்த கென்னத் கென்னடியும் வெட்டுக்காயத் தடயங்களை மிகச் சிலவற்றில் மட்டுமே கண்டார். அதே அறுபதுகளில் தொல்லியலாளர் லூயிஸ் பின்ஃபோர்ட், பொருளைத் தோண்டினால் போதாது, விளக்கத்தையும் சோதனைக்கு உட்படுத்து என்று அமெரிக்காவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கோட்பாடு என்றால் வாய்ப்பந்தல் என்று நினைப்பவர்களுக்கு இந்த வழக்கைத்தான் நான் காட்டுவேன்.

இப்போது கீழடிக்கு வருகிறேன். திட்டு விழும், பரவாயில்லை. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டுக்குக் கி.மு. 580 என்று வந்ததும் ஒரு கூட்டம் அதை இன்னும் பின்னோக்கித் தள்ளியது, இன்னொரு கூட்டம் கேட்காமலே மறுத்தது. எனக்கும் கீழடி மேல் ஆசை உண்டு. ஆனால் ஏறக்குறைய கி.மு. 800க்கும் 400க்கும் இடையில் கரிம அளவீட்டை நாட்காட்டி ஆண்டாக மாற்ற உதவும் வளைகோடு தட்டையாகிவிடுகிறது. ஆய்வகத்தில் கிடைக்கும் ஒரே அளவீடு, முந்நூறு ஆண்டு அகலத்துக்குள் எந்த ஆண்டுக்கும் பொருந்தலாம். இது கீழடியின் குறையல்ல. ஐரோப்பாவின் இரும்புக்கால ஆய்வாளர்களுக்கும் இதே தலைவலிதான். ஒற்றைக் கரித்துண்டை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாமல், அதன் மேலும் கீழும் உள்ள அடுக்குகளிலிருந்து வரிசையாகப் பலவற்றைக் கணித்தால் அந்த அகலத்தைக் குறுக்கலாம். எத்தனை மாதிரி, எந்த அடுக்கு என்று கேட்பவனைத் துரோகி என்று அழைத்தால் எப்படி?

அங்கே போனபோது ஒரு குழியின் விளிம்பில் நின்று பார்த்தேன். மண்சுவரில் சின்னச் சின்ன அட்டைகளில் எண் எழுதி, ஆணியால் குத்தியிருந்தார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, அதன் கீழே செம்மண், நடுவே ஓர் ஓட்டின் நுனி. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் குழிக்குள் கிடந்த பானையைத்தான் படம் எடுத்தார்கள். என் கைபேசியிலும் அன்று எடுத்த பதினோரு படங்கள் இருக்கின்றன. பதினொன்றும் பானைதான்.