கைமாவை வதக்காதீங்கய்யா!

அமெரிக்காவுல சின்சினாட்டி ஊர்ல ஸ்பகெட்டி மேல ஊத்திச் சாப்பிடுற கைமாக் குழம்புதான் சின்சினாட்டி சில்லி. அந்தப் பேரைப் போட்டு வர்ற சமையல் வீடியோவைத் திறந்தா, முதல் அரை நிமிஷத்துலயே வயிறு எரியுது. சட்டி காயுது, எண்ணெய் ஊத்துறாங்க, மாட்டுக் கைமாவைக் கொட்டி "நல்லா செவக்க வதக்கணும்"ங்கிறாங்க. முடிஞ்சுது சோலி. இனி எதைப் போட்டாலும் அது வேற ஏதோ குழம்பு.

அந்த ஊர் சில்லிக்கு வதக்கல் கிடையவே கிடையாது. 1 கிலோ பச்சைக் கைமாவுக்கு ஒண்ணேகால் லிட்டர் பச்சைத்தண்ணி. கையை விட்டுப் பிசைஞ்சு, கஞ்சி மாதிரி கரைஞ்சப்புறம்தான் அடுப்பையே பத்தவைக்கணும். சூடு பட்டதும் கறி இறுகிடும். கட்டியா இருக்கிறப்போ இறுகினா கடைசிவரைக்கும் கட்டிதான். கரைஞ்சு மெல்ல சூடேறினாதான் ரவை ரவையா பிரிஞ்சு சாஸோட சேரும். கொதிக்கிற தண்ணியில கொட்டுறதும் இதே தப்புதான்.

தக்காளி சாஸ், வினிகர், மிளகாய்த்தூள், சீரகம், ஆல்ஸ்பைஸ் (மிளகு மாதிரி இருக்கிற ஒரு மசாலாக் காய்), பட்டை, கிராம்பு, பே லீஃப் எல்லாம் போட்டு 3 மணி நேரம் சிறு தீ. பட்டைத்தூள் 1 டீஸ்பூன் போதும். கிராம்புத்தூள் கால் டீஸ்பூனைத் தாண்டினா பல்வலி மருந்து வாசம்தான் வரும். (பே லீஃபுக்குப் பதிலா பிரிஞ்சி இலை போடுற நம்மாளுங்களே, ரெண்டும் வேற வேற மரம்! பிரிஞ்சியில ஏற்கெனவே பட்டை வாசம் இருக்கு.) அப்புறம் ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல வச்சு, காலையில மேல ஏடு கட்டி உறைஞ்சிருக்கிற கொழுப்பை வழிச்சு எடுக்கணும். வதக்கி வடிக்காத கறியில கொழுப்பு எங்க போகும்? இதை விட்டுட்டு "எண்ணெயா மிதக்குது"ன்னு புலம்பல் வேற.

இன்னொரு கூட்டம், "காரமே இல்ல, இதெல்லாம் சில்லியா?"ங்கும். காரசாரமான டெக்ஸாஸ் சில்லியை நினைச்சுக்கிட்டு வந்தா அப்படித்தான் தோணும். 1922ல சின்சினாட்டியில எம்பிரஸ் தியேட்டரை ஒட்டி இந்தச் சில்லிக் கடை போட்ட கிராட்ஜிஃப் சகோதரர்கள் மாசிடோனியப் பக்கத்து ஆளுங்க. கறியில பட்டை போடுறது அவங்க ஊர்ச் சமையல். 1940ல இருந்து அங்க நடக்கிற கேம்ப் வாஷிங்டன் சில்லிங்கிற கடைக்கு 2000ல ஜேம்ஸ் பியர்ட் விருதே (அமெரிக்காவுல சமையலுக்குக் கொடுக்கிற பெரிய விருது) கொடுத்தாச்சு. இவங்க இன்னும் காரம் தேடிக்கிட்டு இருக்காங்க.

பரிமாறுறதுலயாவது ஒழுங்கு உண்டா? ஸ்பகெட்டி, சில்லி, சீஸ், இது த்ரீ வே. வெங்காயமோ ராஜ்மாவோ ஒண்ணு சேர்ந்தா ஃபோர் வே, ரெண்டும் சேர்ந்தா ஃபைவ் வே. ராஜ்மா தனி அடுக்கு. அதைச் சில்லிக்குள்ளயே போட்டுக் கொதிக்கவச்சுட்டு ஃபைவ் வேன்னு பேர் வைக்கிறாங்க! சீஸ், பாக்கெட்ல துருவி வர்றது வேண்டவே வேண்டாம். ஒட்டாம இருக்க மாவு தடவியிருப்பான், சரியா உருகாது. செடார் கட்டியை வாங்கி, சின்னக் கண் துருவல்ல, பஞ்சு மாதிரி விழுற அளவுக்குத் துருவி மலையா குவிக்கணும். அடியில இருக்கிறது சில்லிச் சூட்டுல இளகும், மேல இருக்கிறது அப்படியே நிக்கும்.

கடைசியில அதுல ஃபோர்க்கைக் குத்தி நூடுல்ஸ் மாதிரி சுருட்டுறாங்க பாருங்க! அஞ்சு அடுக்கும் ஒரே சுத்துல சகதி. ஃபோர்க்கோட ஓரத்தை வச்சு மேல இருந்து அடிவரைக்கும் கேக் மாதிரி வெட்டி எடுங்கய்யா.