பினாங்கில் இறங்கினால் டூர் பேருந்தில் ஏறாதீர்கள்

சிங்கப்பூரிலிருந்து கப்பல் பயணம் போகிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ஒரு பகல் முழுக்கக் கப்பல் மலேசியாவின் பினாங்குத் தீவில் நிற்கும், எந்த டூர் எடுப்பது, பினாங்கு மலையா, கெக் லோக் சி பௌத்தக் கோயிலா, இரண்டும் சேர்ந்த பேக்கேஜா? என் பதில் ஒன்றுதான். எதுவும் வேண்டாம். இறங்கி நடங்கள்.

இதை அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் கப்பலில் போகிறவர்களுக்கு இப்படி ஓர் ஊர் லேசில் வாய்க்காது. பல துறைமுகங்களில் கப்பல் நிற்கும் இடம் ஒரு பக்கம் இருக்கும், ஊர் எங்கோ இருக்கும். கோலாலம்பூர் என்று சொல்லிப் போர்ட் கிள்ளானில் இறக்கினால், நகரத்தைப் பார்க்க ஒரு மணி நேரமாவது வண்டியில் உட்கார வேண்டும். பினாங்கில் அந்தக் கதையே இல்லை. கப்பல் வந்து நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறைமேடையின் வாசலைத் தாண்டியதும் விக்டோரியா மணிக்கூண்டு. 1897இல் நிறைவான ராணியின் அறுபதாண்டு ஆட்சியை ஒட்டி சியா சென் இயோக் என்ற சீனச் செல்வந்தர் தன் பணத்தில் கட்டிக்கொடுத்தது, ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடி உயரம். அதற்குப் பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டை, 1786இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய இடம். கோட்டைக்குப் பின்னால் தொடங்குவதுதான் ஜார்ஜ் டவுன் பழைய நகரம், 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. இவ்வளவும் காலடியில் கிடக்கும்போது, கப்பலிலிருந்து இறங்கிய கையோடு குளிர்சாதனப் பேருந்தில் ஏறி ஊரை விட்டு வெளியே போவது எனக்குத் தாங்கவில்லை.

மலையையும் கோயிலையும் குறை சொல்லவில்லை. இரண்டும் அருமையான இடங்கள். பினாங்கு மலை ரயில் 1923இலிருந்து ஓடுகிறது, மேலே போனால் காற்றே வேறு. ஆனால் இரண்டுமே ஆயர் ஈத்தாம் பக்கம், தீவின் உள்ளே. டூர் நாள் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் கப்பல் தியேட்டரில் உட்காரவைத்துச் சட்டையில் எண் ஒட்டுவார்கள், அழைக்கும்வரை காத்திருக்க வேண்டும், அப்புறம் பேருந்து, நெரிசல், மலை ரயிலுக்கு வரிசை, மேலே கொஞ்ச நேரம், மறுபடி வரிசை, வழியில் ஒரு சாக்லேட் கடை அல்லது தைலக் கடையில் கட்டாய நிறுத்தம். சாயங்காலம் கப்பலுக்குத் திரும்பும்போது பினாங்குக்காரர் ஒருவரிடமாவது நாலு வார்த்தை பேசியிருப்போமா? மலைக்குப் போக ஆசை என்றால் தனியாக வந்து ஊரில் இரண்டு ராத்திரி தங்கிப் போங்கள், அதுதான் அந்த மலைக்கு மரியாதை.

டூர் எடுப்பதற்கு ஒரே ஒரு நியாயமான காரணம் சொல்வார்கள். கப்பல் நிறுவனமே நடத்தும் டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நாமாகப் போய்த் தாமதித்தால் காத்திருக்காது. உண்மைதான். பல துறைமுகங்களில் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஜார்ஜ் டவுனில் நடக்கிறவர் பழைய நகரத்தின் எந்த மூலையில் நின்றாலும் மணிக்கூண்டுக்கு அரை மணி நேரத்தில் வந்து சேரலாம். இங்கே பயப்பட ஒன்றுமில்லை.

எங்கே நடப்பது? முதலில் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங், பழைய பெயர் பிட் ஸ்ட்ரீட். அதன் ஒரு முனையில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், 1818இல் கட்டி முடித்தது. வெள்ளைத் தூண்களோடு நிற்கும் அந்தக் கட்டடத்தை எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள். படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாமல் அந்தத் தூணில் ஒரு நிமிடம் கை வைத்துப் பாருங்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஊதுவத்திப் புகையோடு குவான் யின் அம்மன் கோயில். அப்புறம் குயின் தெருப் பக்கம் வாசல் வைத்த மகா மாரியம்மன் கோயில், 1833இலிருந்து இருக்கிறது. இன்னும் சற்று தள்ளி, காதர் மொகிதீன் என்ற வணிகத் தலைவரின் முன்னெடுப்பில் 1801இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அவர் நம் கரையிலிருந்து போனவர். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்காவும் உண்டு. நாகூருக்குப் போய் வர முடியாதவர்கள் கடலுக்கு அந்தப் பக்கமே ஒரு நாகூரை வைத்துக்கொண்டார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

தமிழர்கள் இங்கே அவசரமாக நடக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அதற்கு அப்புறம் எம்.வி. சிதம்பரம். மேல்தளத்தில் பாயை விரித்து, ஒரு வாரம் கடலில் கிடந்து வந்து இறங்கியவர்களுக்குப் பினாங்குதான் மலாயாவின் முதல் மண். நோய்ப் பயத்தில் அவர்களில் எத்தனையோ பேரை ஊருக்குள் விடாமல் புலாவ் ஜெரெஜாக் தீவில் அடைத்து வைத்தார்கள். பினாங்குத் தீவின் கிழக்குக் கரையை ஒட்டி இருக்கிறது அது, பினாங்குப் பாலத்திலிருந்து பார்த்தாலே தெரியும். நாம் பஃபே சாப்பிட்டுவிட்டு இறங்குவதும் அதே துறைமுகத்தில்தான். லிட்டில் இந்தியாவில் பூக்கட்டும் அக்காவிடமோ பாத்திரக்கடை அண்ணனிடமோ “உங்க பூர்வீகம் எது?” என்று கேட்டுப் பாருங்கள். கடையில் கூட்டம் இல்லையென்றால் தாத்தா இறங்கிய கதை வரை வரும்.

சாப்பாடு. கப்பலில் எல்லாம் இலவசம்தானே என்று மதியத்துக்குக் கப்பலுக்கே திரும்பிப் போகிற குடும்பங்களைப் பார்க்கிறேன், மனசு வலிக்கிறது. பினாங்கு வந்து நாசி கண்டார் சாப்பிடாமல் போகாதீர்கள். தோளில் ஒரு கழி, ஒரு முனையில் சோறு, மறுமுனையில் குழம்பு, இப்படிச் சுமந்துபோய்த் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள். கேம்பல் தெருவில் 1907இலிருந்து இருக்கும் ஹமீடியா கடைக்கு வெயிலிலும் நடந்தே போகலாம். இரண்டு மூன்று குழம்பைக் கலந்து ஊற்றச் சொல்லுங்கள், அதுதான் முறை. சைவம் என்றால் லிட்டில் இந்தியாவில் தோசைக்குப் பஞ்சமில்லை. மீன் சாப்பிடுகிறவர்கள் புளிப்பும் காரமுமான மீன் குழம்பு நூடுல்ஸான அசாம் லக்சாவை விடக் கூடாது. வெயிலுக்கு ஒரு கிண்ணம் செண்டோல், தேங்காய்ப்பாலும் ஐஸும் கலந்த இனிப்பு.

நடப்பது காசு விஷயமும்தான். டூர் பணத்தில் ஒரு பங்கு கப்பல் நிறுவனத்துக்குப் போகிறது. கடைக்காரர் கையில் நாம் கொடுக்கிற பத்து வெள்ளி (மலேசிய ரிங்கிட்) முழுசாக அவருக்கே போகிறது. ஜார்ஜ் டவுனில் இது சின்ன விஷயம் இல்லை. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போனது. குறைந்த வாடகையில் தலைமுறையாக இருந்த குடும்பங்களும் கைத்தொழில்காரர்களும் வெளியேற வேண்டியதாயிற்று. யுனெஸ்கோ பட்டம் வந்ததும் அந்தக் கடைவீடுகளில் பல ஹோட்டலாகவும் காபிக் கடையாகவும் மாறின. 2012இல் எர்னஸ்ட் சக்காரெவிச் வரைந்த சைக்கிள் குழந்தைகள் ஓவியத்துக்கு முன்னால் நிற்கும் வரிசை நீண்டுகொண்டே போகிறது. பின்னால் இருக்கிற பழைய கடையில் ஈயாடுகிறது. ஓவியத்தைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடையிலும் ஏதாவது வாங்குங்கள்.

வெல்ட் கீ கரையோரச் சீனக் குல ஜெட்டிகளை, அதாவது படகுத்துறைக் குடியிருப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலுக்குள் மரக்கால் ஊன்றி வீடு கட்டி, பெரும்பாலான ஜெட்டிகளில் ஒரே குலத்தார் வாழ்ந்து வந்த இடம் அது. 2006இல் இரண்டு ஜெட்டிகளை இடித்துவிட்டார்கள். 2008க்கு அப்புறம் மிச்சமிருப்பவை பாதுகாக்கப்படுகின்றன, ஆனால் அங்கே வாழ்கிறவர்களின் நிம்மதியை யார் பாதுகாப்பது? ஜன்னல் வழியாக உள்ளே போனை நீட்டிப் படம் எடுக்கிற பயணிகளை நேரில் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரு பாட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படம் எடுக்காதே என்று வீட்டு வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், தயவுசெய்து மதியுங்கள். சியூ ஜெட்டியில் கடைகள் இருக்கின்றன, அங்கே போங்கள், வாங்குங்கள். மற்ற ஜெட்டிகளில் சத்தம் போடாமல் நடந்துவிட்டு வாருங்கள்.

கடலில் குளிக்க வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து ஃபெரிங்கி கடற்கரைக்காக இந்த நாளைச் செலவழிக்காதீர்கள். தெளிந்த தண்ணீர்தான் வேண்டும் என்றால் லங்காவியில் நிற்கும் கப்பலாகப் பார்த்து எடுங்கள். பஹாமாஸ் பக்கம் கப்பல் நிறுவனங்கள் தங்கள் பயணிகளுக்கென்றே தனித் தீவுகளை வைத்திருக்கின்றன, அங்கே மணலும் குடையும் மட்டும்தான், ஊர் என்று ஒன்று கிடையாது. பினாங்கில் ஊர் இருக்கிறது, இருநூறு வருஷத்துக்கு மேலாக மனிதர்கள் விடாமல் வந்து இறங்கிய ஊர்.

வயதான அம்மா அப்பாவோடு போகிறவர்கள் நடக்கவா என்று பதறாதீர்கள். காலை வெயில் ஏறுவதற்குள் கோயிலையும் பள்ளிவாசலையும் முடித்துவிடுங்கள், பதினோரு மணிக்கு மேல் அஞ்சடி என்கிற, கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதையின் நிழலிலேயே நடங்கள், வீதி நெடுக இருக்கும். முடியாதவர்களுக்கு ட்ரைஷா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா உண்டு. ஏறுவதற்கு முன்னால் கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள், ஓட்டுகிறவர் பின்னால் இருந்து மிதிப்பார், முன்னால் உட்கார்ந்து வருகிறவர்களுக்குத் தெரு முழுசாகத் தெரியும். மதியத்துக்கு மேல் மழை வந்தால் ஒரு தே தாரிக், அதாவது ஆற்றி நுரைத்த பால் டீ, சொல்லிவிட்டு உட்காருங்கள். குடையும் தண்ணீரும் கையில் இருக்கட்டும், கப்பல் அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கடைசியாக ஏற வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே மணிக்கூண்டுப் பக்கம் வந்துவிடுங்கள்.