ஜாஜாங்மியோன் என்கிற கொரியக் கறுப்பு சாஸ் நூடுல்ஸை ஏன் இப்படிக் கெடுக்கிறார்கள்?

அமெரிக்காவில் கொரிய மளிகைக் கடைக்குள் நூடுல்ஸ் கடை நடத்துகிறவர்களுக்கு, நூடுல்ஸை முன்கூட்டியே வேகவைத்துக் குவிக்காதீர்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது? ஆர்டர் வந்த பிறகு கொதிநீரில் போட்டு, வெந்ததும் பச்சைத் தண்ணீரில் மாவுப்பசை போக அலசி, மறுபடி சுடுநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தால்தான் அது ஜாஜாங்மியோன். அலசாமல் விட்டால் ஒரே கட்டி! குச்சியை விட்டுத் தூக்கினால் மொத்தமும் எழுந்து வருகிறது. இதில் சாஸை எங்கே கலப்பது?

சாஸ் அதைவிடக் கொடுமை. சுன்ஜாங் என்கிற கறுப்பு பீன்ஸ் விழுதை முதலில் தாராளமாக எண்ணெய் விட்டு வதக்க வேண்டும். இல்லாவிட்டால் கசக்கும், துவர்க்கும். பன்றிக்கறி, வெங்காயம், கோஸ் எல்லாம் அப்போதைக்கப்போது வாணலியில் வதங்க வேண்டாமா? காலையிலேயே கிளறிச் சூட்டுத்தட்டில் வைத்தால் வெங்காயம் தண்ணீர் விட்டு, சாஸைக் கெட்டியாக்கும் மாவுக்கரைசல் நீர்த்து, கிண்ணத்தடியில் கறுப்புத் தண்ணீர்தான் நிற்கும்.

டாங்சுயுக்? மொறுமொறுவென்று பொரித்த கறிமேல் புளிப்பு இனிப்பு சாஸை ஊற்றி டப்பாவை மூடிவிடுகிறார்கள். திறப்பதற்குள் சொதசொத. தனிக் கிண்ணத்தில் தர என்ன கேடு? டான்முஜி, அந்த மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய், மூன்றே துண்டு. இவ்வளவு எண்ணெய்க்கு அது எந்த மூலைக்கு? அதே கடையின் குளிர்பெட்டியில் முழு முள்ளங்கியாக அடுக்கி வைத்திருக்கிறார்களே!