தீர்மானப் புத்தகத்தைப் பாருங்கள்
நகர வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிக் குறைகளைப் பேசுவதற்கான ஏரியா சபைக் கூட்டங்களுக்கு மக்கள் வருவதில்லை என்று ஒரு கட்டுரை குறைப்பட்டுக்கொள்கிறது. அழைத்தால்தானே வருவதற்கு! நகர உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தர வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது 1992இல். தமிழ்நாட்டில் கவுன்சிலர் தலைமையிலான வார்டு குழு, அதன் கீழுள்ள ஏரியா சபை ஆகியவற்றுக்கான விதிகள் வந்ததோ 2022இல். அதிலும் சபைப் பிரதிநிதிகளை நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை, நியமனம்தான். கவுன்சிலருக்கு வேண்டியவர்கள் முன்வரிசையில் அமர்ந்துவிட்டால் மற்றவர்கள் வாய் திறப்பார்களா?

எங்கள் பகுதிக் கூட்டத்தில், மழைநீர் வடிகாலில் அள்ளிய சேறு ஓரத்திலேயே கிடந்து அடுத்த மழையில் மறுபடி உள்ளே போவதை ஓர் அம்மா கைப்பேசிப் படத்தோடு காட்டினார். பொறியாளர் தலையாட்டினார். தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரிகூட ஏறவில்லை. போகிறவர்கள் மனுவை நீட்டிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கோரிக்கையைத் தீர்மானமாக எழுதச் சொல்லி, வாசித்துக் காட்டிய பிறகே எழுந்திருங்கள்.